குலசை வானத்தில் ஒரு கண்ணாடி

குலசேகரன்பட்டினம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முத்தாரம்மன் கோயில் ஞாபகம் வரும். தசரா ஞாபகம் வரும். காளி வேஷம், ராஜா வேஷம், குறத்தி வேஷம், போலீஸ்காரர் வேஷம் என்று விதவிதமாக வேஷம் கட்டிக்கொண்டு, வீடு வீடாகக் காணிக்கை பிரித்து வந்து, அம்மன் உண்டியலில் போடும் பக்தர்கள் ஞாபகம் வரும். மைசூருக்கு அடுத்தபடி தசராவுக்குக் குலசைதான் என்று நெல்லைச் சீமையில் பெருமையாகச் சொல்வார்கள். அது உண்மைதான் என்று பத்தாம் நாள் நள்ளிரவில், கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரத்தைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்த தடவை நீங்கள் குலசைக்குப் போகும்போது, அம்மனைத் தரிசித்துவிட்டு, கடற்கரை மணலில் உட்கார்ந்து, கொஞ்சம் தலையை நிமிர்த்தி ஆகாயத்தைப் பாருங்கள். அங்கேயும் ஓர் அதிசயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நம் தேசத்து விஞ்ஞானிகள் அதன் பின்னால் அறுபது வருஷத்துக்கும் மேலாக அலைந்துகொண்டிருக்கிறார்கள். இன்றைக்கு லேசர் ஒளியை வைத்துக்கொண்டு பம்பாயிலும் ஐதராபாத்திலும் நடக்கும் சில அசாத்தியமான பரிசோதனைகளுக்கும், இந்தக் குலசை வானத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. அந்த உறவைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

வழியில் ஓர் ஊர்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் கிளம்பினால், பாளையங்கோட்டையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் கிருஷ்ணாபுரம் வரும். வேங்கடாசலபதி கோயில் சிற்பங்களைப் பார்க்காமல் யாரும் அந்த ஊரைக் கடப்பதில்லை. ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் குறவனின் விலா எலும்புகளைக்கூடக் கல்லில் எண்ணிவிடலாம்!

அதே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்த நிலையத்தின் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று இருக்கிறது. சிற்பம் பார்க்க வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால் அதிகம். அந்தக் கூடத்தை இங்கே கொண்டுவந்து வைத்ததற்குக் காரணம் உண்டு.

ஒரு காந்த ஊசியை நட்டநடுவில் கட்டித் தொங்கவிட்டால், காஷ்மீரத்தில் அதன் வடக்கு முனை தரையை நோக்கி நன்றாகச் சாய்ந்து நிற்கும். தெற்கே வர வரச் சாய்வு குறைந்துகொண்டே வரும். நெல்லைச் சீமைக்கு வந்ததும் ஊசி ஏறக்குறையத் தராசு முள்போலச் சமமாகப் படுத்துவிடும். பூமிக்கு ஒரு நடுக்கோடு இருப்பதுபோல, பூமியின் காந்தத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு. அந்தக் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்திலுள்ள தும்பாவை நமது முதல் ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுதான் காரணம்.

ஆகாயத்தில் சுமார் 105 கிலோ மீட்டர் உயரத்தில், இந்தக் கோட்டின் நேர் மேலே, பகல் முழுவதும் ஒரு மின்சார ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. கம்பி கிடையாது, கம்பம் கிடையாது. சூரியன் உதித்தால் பெருக்கெடுக்கும், அஸ்தமித்தால் வற்றிவிடும். 1951-ம் ஆண்டில் சிட்னி சாப்மன் என்ற விஞ்ஞானி அதற்குப் பெயர் சூட்டினார். கிருஷ்ணாபுரத்துக் காந்தமானிகள் அந்த ஆற்றின் வெள்ளத்தை நாள்தோறும் அளக்கின்றன.

நாலாவது நிலை

பனிக்கட்டியைச் சூடாக்கினால் தண்ணீர். தண்ணீரைச் சூடாக்கினால் ஆவி. அந்த ஆவியை மேலும் மேலும் சூடாக்கினால்? அணுக்கள் ஒன்றோடொன்று மோதி, அவற்றைச் சுற்றியிருக்கும் எலெக்ட்ரான்கள் கழன்று தனியே திரிய ஆரம்பிக்கும். திடம், திரவம், வாயு என்ற மூன்றையும் தாண்டிய இந்த நாலாவது நிலைக்குத்தான் பிளாஸ்மா என்று பெயர். சூரியன் முழுவதும் பிளாஸ்மா. மின்னல் பிளாஸ்மா. உங்கள் வீட்டு டியூப் லைட்டுக்குள் ஒளிர்வதும் பிளாஸ்மாதான்.

மேல் வானத்தில் இந்த வேலையைச் சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் செய்கின்றன. சுமார் 300 கிலோ மீட்டர் உயரத்தில், பகல் வேளையில், ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறையப் பத்து லட்சம் எலெக்ட்ரான்கள் தனித்துத் திரிகின்றன.

குலசைப் பக்கத்தில் ஒரு டீக்கடைப் பெரியவரிடம் ரேடியோப் பேச்சை எடுத்தேன். சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அந்தக் காலத்துல பகல்ல சிலோன் ஸ்டேஷனை விட்டா வேற கெடையாது அண்ணாச்சி. பொழுது சாஞ்சிட்டா மதராஸ், ஐதராபாத்துன்னு எல்லாம் வந்து நிக்கும். கடல்காத்து இழுத்துட்டு வருதுன்னு நாங்க பேசிக்குவோம்!"

கடல் காற்றல்ல, வானத்துப் பிளாஸ்மா. பகலில் அதன் அடி அடுக்கு ரேடியோ அலைகளைத் தின்றுவிடுகிறது. இரவில் அந்த அடுக்கு மறைந்துவிடும். அப்போது மேல் அடுக்கு ஒரு கண்ணாடி போல நின்று, தூரத்து அலைகளைத் திருப்பி நம் கூரைக்கு அனுப்புகிறது.

எந்த அலை திரும்பும், எந்த அலை ஊடுருவிப் போகும் என்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. கோலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் தாளம் நிதானமாக இருந்தால், ஆடுகிறவர்கள் ஒவ்வொரு அடியையும் வாங்கித் திருப்பி அடிப்பார்கள். தாளம் மிக வேகமாகப் போனால் கை ஓடாது. கோலைத் தாழ்த்திக்கொண்டு நிற்பார்கள். எலெக்ட்ரான்களும் அப்படியே. விநாடிக்கு 90 லட்சம் தடவை துடிக்கும் அலை வரைக்கும் பகல் வானத்து எலெக்ட்ரான்கள் ஈடுகொடுத்துத் திருப்பி அடித்துவிடும். செயற்கைக் கோளிலிருந்து உங்கள் கைபேசிக்கு வழி சொல்ல வரும் அலை விநாடிக்கு 157 கோடி தடவை துடிக்கிறது. அதற்குக் கண்ணாடி கதவாகிவிடும். அலை உள்ளே வந்துவிடும். எலெக்ட்ரான் கூட்டம் நெருக்கமாக இருந்தால், இன்னும் வேகமான தாளத்துக்கும் ஈடுகொடுக்கும். இவ்வளவுதான் சட்டம்.

தசரா மாதத்துக் குமிழிகள்

உள்ளே வந்துவிட்டாலும் சுகமாக வந்தது என்று சொல்லிவிட முடியாது. பொழுது சாய்ந்ததும் பிளாஸ்மாவின் கீழ்ப்பகுதி சீக்கிரம் கரைந்துபோகிறது. மேற்பகுதி அடர்த்தியாகவே நிற்கிறது. எண்ணெயின் மேல் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? கனமானது கீழே இறங்கும். லேசானது குமிழி குமிழியாக மேலே கிளம்பும். அதே கூத்துதான் ஆகாயத்திலும். காந்த நடுக்கோட்டின் மேல் பிறக்கும் இந்தக் குமிழிகள் உயரே எழுந்து, வடக்கும் தெற்குமாக நெடுந்தூரம் நீள்கின்றன. அவற்றின் ஊடே வரும் செயற்கைக் கோள் அலைகள், நட்சத்திரம் கண்சிமிட்டுவதுபோலச் சிமிட்ட ஆரம்பித்துவிடும்.

இது ஏதோ ஆராய்ச்சிக்காரர்களின் விவகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். இருட்டில் கடலில் இருக்கும் மீனவர் கரைக்கு வழி பார்ப்பது இன்று அந்த அலைகளை நம்பித்தான். ஆகாய விமானங்களுக்கு வழிகாட்ட நாம் அமைத்த ககன் ஏற்பாட்டில், இந்த வானத்தின் குறும்புகளுக்கென்றே தனிக் கணக்குப் போடவேண்டியிருந்தது. நமது நாவிக் செயற்கைக் கோள்கள் இரண்டு வெவ்வேறு அலைவரிசைகளில் பேசுவதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. இரண்டும் எவ்வளவு முன்னும் பின்னுமாக வந்து சேர்கின்றன என்று பார்த்தால், பிளாஸ்மா எவ்வளவு தாமதப்படுத்தியது என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. பகலும் இரவும் சமமாக இருக்கும் பங்குனி, புரட்டாசியை ஒட்டிய மாதங்களில்தான் இந்தப் பக்கத்தில் குமிழிகள் அதிகம். குலசைத் தசராவும் அப்போதுதானே!

கண்ணாடியையே வளைத்த அலை

இதுவரை நாம் பார்த்த அலைகளெல்லாம் சாதுவானவை. பிளாஸ்மா திரும்பிப் போ என்றால் திரும்பின. வா என்றால் வந்தன. பிளாஸ்மாவை அவை மாற்றவில்லை. ஆனால் அலை பலசாலியாக இருந்தால்?

1933-ம் ஆண்டில் ஹாலந்திலிருந்த டெலிஜன் என்ற நிபுணர், சுவிட்சர்லாந்து நாட்டு ரேடியோ நிலையம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் நிகழ்ச்சிக்குப் பின்னால் லக்ஸம்பர்க் நிலையத்தின் நிகழ்ச்சியும் கேட்டது. இரண்டும் வெவ்வேறு அலைவரிசை! விசாரித்ததில் விஷயம் வெளியாயிற்று. லக்ஸம்பர்க் நிலையத்தின் பலமான அலை வானத்துப் பிளாஸ்மாவைச் சூடாக்கி, அதன் குணத்தையே தன் தாளத்துக்கு ஏற்ப மாற்றிவிட்டது. அந்த வழியாகப் போன சுவிஸ் அலை, பாவம், அந்த முத்திரையையும் சுமந்துகொண்டு போயிற்று.

பலசாலி அலை பிளாஸ்மாவுக்குக் கட்டுப்படாது, பிளாஸ்மாவைத் தனக்குக் கட்டுப்படுத்தும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. லேசர் பரிசோதனைகளின் சாரமும் இதுவேதான்.

லேசர் 1960-ம் ஆண்டில் பிறந்தது. அதன் பலத்தை ஓரளவுக்கு மேல் கூட்டினால், கூட்டுகிற கருவியே பொசுங்கிப் போகும். 1985-ம் ஆண்டில் ஜெரார் மூரூ, டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற இருவர் ஒரு தந்திரம் செய்தார்கள். தசராக் கூட்டம் முழுவதையும் ஒரே வாசலில் விட்டால் வாசல் பிளந்துவிடும் அல்லவா? கூட்டத்தை நீண்ட வரிசையாக்கி, ஒவ்வொருவராக உள்ளே விட்டு, வயிறாரச் சோறு போட்டு, வெளியே வந்ததும் மறுபடி நெருக்கி நிறுத்தினால்? லேசர் துடிப்பையும் அப்படியே முதலில் நீட்டி, பலம் ஊட்டி, பிறகு சுருக்கினார்கள். 2018-ம் ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இப்படிச் சுருக்கிய துடிப்பு எவ்வளவு சின்னது தெரியுமா? ஒளி விநாடிக்கு மூன்று லட்சம் கிலோ மீட்டர் பாய்வது. அந்த ஒளி ஒரு தலைமயிரின் தடிமனைக்கூடக் கடந்திருக்காது. அதற்குள் துடிப்பு முடிந்துவிடும். அதை ஓர் ஊசி முனையிலும் சிறிய இடத்தில் குவித்தால், அங்கே விழும் ஒளியின் உக்கிரம் நம் சித்திரை மாத உச்சி வெயிலைப் போல் லட்சம் கோடி கோடி மடங்கு!

அதன் எதிரே எந்தப் பொருளை வைத்தாலும் மறுகணமே பிளாஸ்மாதான். கண்ணாடிச் சட்டம் இங்கேயும் உண்டு. லேசர் ஒளி விநாடிக்கு மூன்று கோடி கோடி தடவை துடிப்பதால், அதைத் திருப்பி அடிக்க ஒரு கன சென்டிமீட்டரில் கோடி கோடி கோடி எலெக்ட்ரான்கள் வேண்டும். அதாவது கோடியைக் கோடியால் பெருக்கி, மறுபடியும் கோடியால் பெருக்கவேண்டும். குலசை வானத்துச் சட்டம் அதேதான், எண்கள்தான் வேறு.

ஆனால் உக்கிரமான துடிப்பு அந்தச் சட்டத்தையே மீறுகிறது. எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஆடும்போது, ஐன்ஸ்டீன் சொன்னபடி அவற்றின் பளு கூடிவிடுகிறது. கனத்த உடம்புடன் கோலாட்டம் ஆட முடியுமா? தாளம் தவறுகிறது, கண்ணாடி கதவாகிறது, ஒளி உள்ளே நுழைகிறது! இதை 1970-ம் ஆண்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டு பிரெதிமான் காவ். கூட எழுதியவர் ஜான் டாஸன். காவ் பிற்பாடு காந்தி நகருக்கு அருகே பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தைக் கட்டி வளர்த்தார். ஒளி தனக்குத் தானே பூதக்கண்ணாடி அமைத்துக்கொண்டு பிளாஸ்மாவுக்குள் குவிவதைப் பற்றி, டில்லி ஐ.ஐ.டி.யில் சோதா, கதக், திரிபாதி ஆகியோர் 1974-ம் ஆண்டிலேயே புத்தகம் எழுதிவிட்டார்கள்.

நுழைந்த ஒளி சும்மா போகுமா? தசராக் கூட்டத்துக்குள் ஒரு மேளக் குழு ஆவேசமாகப் புகுந்தால், எளிதில் நகரக்கூடியவர்கள் இரு பக்கமும் சிதறுவார்கள். கடை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் அப்படியே இருப்பார்கள். லேசாக உள்ள எலெக்ட்ரான்கள் சிதற, கனமான அணுக்கருக்கள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. சிதறியவை மறுபடி ஓடி வந்து கூடும். அதனால் துடிப்பின் பின்னால், வள்ளத்தின் பின்னால் கடலில் எழும் அலைபோல, பிளாஸ்மாவில் ஓர் அலை எழுகிறது. குலசைக்குப் பக்கத்து மணப்பாட்டில் பலகை மேல் ஏறிக் கடலலையில் சறுக்கி வரும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல எலெக்ட்ரான்களை அந்த அலை மேல் ஏற்றிச் சறுக்கவிடலாம் என்று 1979-ம் ஆண்டில் டாஜிமாவும் டாஸனும் சொன்னார்கள். 2019-ம் ஆண்டில் அமெரிக்காவில் பெர்க்லியில், 20 சென்டிமீட்டர் தூரத்துக்குள் எலெக்ட்ரான்கள் 780 கோடி வோல்ட்டுக்குச் சமமான சக்தி பெற்ற செய்தி வெளிவந்தது. பழைய முறையில் இதற்கு நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள இயந்திரம் வேண்டும்.

நம் ஆட்கள் செய்தது

பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் ரவீந்திர குமாரும் அவர் குழுவினரும், உலோகத் தகட்டில் இப்படித் துடிப்பைப் பாய்ச்சி, அப்போது பிறக்கும் காந்தத்தை அளந்தார்கள். நெல்லையில் காந்த ஊசியைத் திருப்பும் பூமியின் காந்தம் அரை காஸுக்கும் குறைவு. அந்தத் தகட்டின் மேல், கண் இமைப்பதற்குக் கோடியில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்துக்குப் பிறந்து மறைந்தது கோடிக்கணக்கான காஸ்! அந்தக் காந்தம் கொந்தளித்துக் கலைவதை 2012-ம் ஆண்டில் அவர்கள் படிப்படியாகப் பின்தொடர்ந்து காட்டினார்கள். நட்சத்திரங்களில் நடக்கும் கொந்தளிப்பு, மேஜை மேல் நடந்தது.

அதே ஆண்டில் அந்த நிலையத்துக் கிருஷ்ணமூர்த்தியும் தோழர்களும் கண்ணாடித் தகட்டின் மேல் பாக்டீரியாக்களைப் பூசி லேசரைப் பாய்ச்சினார்கள். வெறும் தகட்டைவிடப் பல மடங்கு அதிகமாக எக்ஸ் கதிர்கள் கிளம்பின! நம் குடலில் வசிக்கும் அற்ப ஜந்து, விஞ்ஞானத்துக்கு விளக்கேற்றியது. 2024-ம் ஆண்டில் ஐதராபாத்தில், நூலிலும் நுண்ணிய மெதனால் துளிகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, முதல் துடிப்பால் துளியைக் கிண்ணம்போலக் குடைந்து, அடுத்த துடிப்பை அதற்குள் செலுத்தினார்கள். பெரிய லேசர் செய்யும் வேலையை, அதன் நூறில் ஒரு பங்கு உக்கிரமே உள்ள சின்ன லேசர் செய்துவிட்டது. விலையுயர்ந்த ராட்சத இயந்திரங்களை வாங்கச் சக்தியில்லாத நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

இதனால் என்ன பிரயோஜனம்? உள்ளுறுப்புகளைத் துல்லியமாகப் படமெடுக்கும் சிறிய எக்ஸ் கதிர்க் கருவிகள், வைத்தியத்துக்கு உதவும் கதிர் இயந்திரங்கள் எல்லாம் இந்தப் பாதையில் காத்திருக்கின்றன. இன்னும் பெரிய கனவும் உண்டு: சூரியனைப் போல மின்சாரம் தயாரிப்பது. 2022-ம் ஆண்டு டிசம்பர் 5-ம் தேதி, அமெரிக்காவில் லிவர்மோரில் 192 லேசர்கள் ஒரு கடுகளவு எரிபொருளை நசுக்கின. கொடுத்த ஒளிச் சக்தி 2.05 மெகா ஜூல், வெளிவந்தது 3.15. ஆனால் அந்த லேசர்களை இயக்கச் செலவான மின்சாரம் சுமார் 300! ஆகவே இன்னும் வெகுதூரம் போகவேண்டும். அங்கே காலை வாரிவிடும் முக்கியமான எதிரிகளில் ஒன்று எது தெரியுமா? நசுக்கும்போது கனமும் லேசும் இடம் மாறிக் குமிழிக்கும் அந்த எண்ணெய்–தண்ணீர்த் தகராறுதான். குலசை வானத்தில் தசரா இரவில் நடக்கும் அதே சங்கதி!

பனங்காட்டில் ஒரு வாசல்

குலசைக்கு ராக்கெட் தளம் வருவது உங்களுக்குத் தெரிந்த செய்திதான். 2024-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். அன்றைக்கே ஒரு சிறிய ரோகிணி ராக்கெட்டும் பறந்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட், இலங்கையைத் தவிர்க்க வழியில் வளைந்து போகவேண்டும். குலசையிலிருந்து நேர் தெற்கே வெறும் கடல். 500 கிலோ எடையை 500 கிலோ மீட்டர் உயரத்துக்குச் சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சின்ன ராக்கெட்டுக்கு, வளைவதால் வீணாகும் எரிபொருள் பெரிய நஷ்டம்.

இரண்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அதற்காக எடுக்கப்பட்டது. பனையேறிக் கருப்பட்டி காய்ச்சிய சீமை இது. உடன்குடிக் கருப்பட்டியின் மணம் இன்னும் காற்றில் இருக்கிறது. நிலத்தைக் கொடுத்த ஊர்களின் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று புகையை வேடிக்கை பார்ப்பார்களா, உள்ளே நின்று கணக்குப் போடுவார்களா என்பதுதான் இனி கேள்வி. ராக்கெட் கிழித்துக்கொண்டு போகும் பிளாஸ்மா அவர்கள் கூரைக்கு நேர் மேலே இருக்கிறது. அதை அளக்கும் கூடம், டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. நெல்லைச் சீமைப் பள்ளி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், சிற்பம் பார்க்கக் கிருஷ்ணாபுரத்துக்கு அழைத்துப் போகும் பிள்ளைகளுக்கு, அந்தக் காந்தமானிகளைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லுங்கள்.

பத்தாம் நாள் இரவு மகிஷன் விழும்போது கடற்கரை முழுவதும் குலவையும் மேளமுமாக இருக்கும். அதே சமயம் முந்நூறு கிலோ மீட்டர் உயரத்தில் குமிழிகள் சத்தமின்றி எழும்பிக்கொண்டிருக்கலாம். தசமி நிலவு வெளிச்சத்தில் ஆராய்ச்சிக்காரர்களின் காமிராவுக்குக்கூட அவற்றைப் பிடிப்பது கஷ்டம். நிலா சாய்ந்த பிறகுதான் அதற்கு வேலை.